ஜப்பானியர்கள் அன்று அமைதியாகத்தான் இருந்தார்களா?

கேள்வி இதுதான்: "2011-ல் ஜப்பானில் அவ்வளவு பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தும் யாரும் கூச்சல் போடவில்லை, கடைகளைக் கொள்ளையடிக்கவில்லை, வரிசையில் நின்றே சாப்பாடு வாங்கினார்கள் என்கிறார்களே, உண்மையா? அந்த மக்களின் இயல்பே அப்படியா?"

வரிசையில் நின்றார்கள், அது உண்மை. இயல்பே அப்படியா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த அமைதிக்குப் பின்னால் பல வருடப் பழக்கமும், யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தன. நம்பிக்கை உடைந்த இடத்தில் அதே மக்கள் சத்தம் போட்டார்கள், தெருவுக்கு வந்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். சில இடங்களில் அந்த அமைதியே உயிரைக் குடித்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு வரிசையை மட்டும் மெச்சுவது, இறந்துபோனவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46 மணி. வடகிழக்கு ஜப்பானின் கடலுக்கடியில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம். சில நிமிடங்கள் தொடர்ந்து ஆடியது. இவாத்தே, மியாகி, ஃபுக்குஷிமா ஆகிய மூன்று மாநிலங்களின் கடற்கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. சில குறுகிய பள்ளத்தாக்குகளில் தண்ணீர் சுமார் 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஏறத்தாழ 15,900 பேர் இறந்தார்கள். 2,500-க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போனவர்கள் பட்டியலிலேயே இருக்கிறார்கள். உச்சத்தில் சுமார் 4,70,000 பேர் வீட்டை விட்டு வெளியேறி இருந்தார்கள்.

மக்களின் எதிர்வினை என்றால் எல்லோரும் அதற்கடுத்த நாட்களைத்தான் பேசுகிறார்கள். ஆனால் உயிர் போவதா பிழைப்பதா என்பதைத் தீர்மானித்த எதிர்வினை, முதல் அரை மணி நேரத்தில் நடந்தது.

ஆட்டம் தொடங்கிய மூன்றே நிமிடத்தில் ஜப்பானிய வானிலை ஆய்வு மையம் சுனாமி எச்சரிக்கை விட்டது. அவ்வளவு வேகம் வேறு எங்கும் சாதாரணமாகக் கிடைக்காது. ஆனால் அந்த முதல் கணிப்பில் நிலநடுக்கத்தின் அளவு மிகவும் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேவுக்கும் ஃபுக்குஷிமாவுக்கும் 3 மீட்டர் என்று அறிவித்தார்கள். அந்தக் கடற்கரையில் பல ஊர்களில் அதைவிட உயரமான தடுப்புச் சுவர்கள் இருந்தன. 3 மீட்டர்தானே, சுவர் தாங்கிக்கொள்ளும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து எண்ணை உயர்த்திச் சொன்னபோது பல இடங்களில் மின்சாரமே இல்லை. இரண்டு நாள் முன்பு, மார்ச் 9-ல், அதே கடலில் ஒரு நிலநடுக்கம் வந்து சிறிய அலையோடு முடிந்திருந்தது. அந்த அனுபவமும் சேர்ந்து கொண்டது. ஓடாதவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் தாங்கள் கேட்ட எண்ணை நம்பினார்கள், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு பள்ளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவாத்தேவில் கமாய்ஷி என்ற ஊர். அங்கே பல வருடங்களாக ஒரு பேராசிரியர் பள்ளிகளுக்குப் போய்ச் சுனாமிப் பாடம் நடத்தி வந்தார். வரைபடத்தில் போட்ட கோட்டை நம்பாதே, முடிந்த மட்டும் மேலே ஓடு, முதலில் ஓடுகிறவனாக இரு என்பதுதான் பாடத்தின் சாரம். அன்று கடலோரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். முதலில் போய் நின்ற இடம் சரியில்லை என்று தோன்றியதும் அங்கிருந்தும் மேலே போனார்கள். பிறகு அந்த இடத்துக்கும் தண்ணீர் வந்தது. அந்த ஊரின் சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்தார்கள்.

அந்தக் கடற்கரைக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: தெந்தென்கோ. அவரவர் தனித்தனியே என்று பொருள். 1896-ல் அதே கரையில் வந்த சுனாமியில் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். அம்மாவைத் தேடிப் பிள்ளையும், பிள்ளையைத் தேடி அப்பாவும் திரும்பிப் போய்க் குடும்பம் குடும்பமாக அழிந்தார்கள். அப்படிப் பெற்ற பாடம் இது. முதல் தடவை கேட்கும்போது கல்நெஞ்சம் போலத் தோன்றும். யோசித்தால் அது ஒரு ஒப்பந்தம்: அம்மா எங்கே இருந்தாலும் மேட்டுக்குப் போயிருப்பாள் என்று பிள்ளை நம்ப வேண்டும், பிள்ளை ஓடியிருப்பான் என்று அம்மா நம்ப வேண்டும். முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்தால்தான் அது நடக்கும்.

அதே கமாய்ஷியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பிழைத்ததை 'கமாய்ஷி அதிசயம்' என்று நாடே கொண்டாடியபோது, உறவுகளை இழந்தவர்களுக்கு அந்தச் சொல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது.

இரண்டாவது, மியாகியில் இஷினோமாக்கி நகரைச் சேர்ந்த ஒகாவா தொடக்கப் பள்ளி. கடலிலிருந்து கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது. ஆட்டம் நின்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒழுங்காக மைதானத்துக்குக் கூட்டி வந்து வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆனால் எங்கே போவது என்று முடிவு செய்ய முடியாமல் ஏறத்தாழ 50 நிமிடம் அங்கேயே நின்றார்கள். பிறகு கிளம்பியபோது தண்ணீர் எதிரே வந்தது. அந்தப் பள்ளியின் 108 பிள்ளைகளில் 74 பேரும், ஆசிரியர்களும் பணியாளர்களுமாக 10 பேரும் போய்விட்டார்கள். ஒழுங்கு, பொறுமை, பெரியவர்கள் சொல்வதைக் கேட்பது என்று உலகம் எதையெல்லாம் மெச்சியதோ, அத்தனையும் அந்த மைதானத்தில் இருந்தது. அதை நினைக்காமல் 'ஜப்பானிய ஒழுக்கம்' என்ற சொல்லை என்னால் கேட்க முடிவதில்லை.

அந்தப் பெற்றோர் பொறுத்துக்கொண்டு போகவில்லை. விளக்கக் கூட்டங்களில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பதில் திருப்தியாக இல்லாததால் 2014-ல் 23 பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. பிள்ளையை வைத்துப் பணம் பார்க்கிறார்கள் என்ற பழிச்சொல்லையும் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. 2016-ல் செந்தாய் மாவட்ட நீதிமன்றமும், 2018-ல் உயர் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. ஆபத்துக்கு முன்பே பள்ளியும் கல்வி வாரியமும் தப்பிக்கும் திட்டத்தைச் சரியாகத் தயாரித்திருக்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இழப்பீடு சுமார் 140 கோடி யென். வழக்கு என்பதே பெரிய அவமானமாகக் கருதப்படும் கிராமப்புறத்தில், அக்கம்பக்கத்தாரின் பார்வையைத் தாங்கிக்கொண்டு ஐந்து வருடம் நின்ற அந்தப் பெற்றோர்தான், என்னைக் கேட்டால், அந்தப் பேரிடரின் மிகத் துணிச்சலான எதிர்வினை.

சரி, இப்போது அந்த வரிசைக்கு வருவோம்.

முகாம்கள் பெரும்பாலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்கள்தான். மார்ச் மாதம், வெளியே பனி. ஒரு சோற்று உருண்டையைப் பலர் பங்கிட்டுச் சாப்பிட்ட இடங்கள் உண்டு. ஆனால் ஒன்றிரண்டு நாளிலேயே மக்கள் தாங்களாகவே குழுக்களாகப் பிரிந்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, சமையல், தண்ணீர், கழிப்பறைச் சுத்தம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். இது ஆகாயத்திலிருந்து வந்த குணம் கிடையாது. ஜப்பானில் தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கங்கள் உண்டு. வருடா வருடம் பேரிடர் ஒத்திகை உண்டு. பள்ளியில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கி, மதிய உணவைப் பரிமாறிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வரிசையில் நின்றால் நம் முறை வரும், கடைசி ஆளுக்கும் ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் நின்றார்கள்.

இஷினோமாக்கியின் உள்ளூர் நாளிதழான ஹிபி ஷிம்புனின் அச்சு இயந்திரம் தண்ணீரில் மூழ்கிவிட்டது. செய்தியாளர்கள் அச்சுத்தாளை வெட்டி, டார்ச் வெளிச்சத்தில் மார்க்கர் பேனாவால் செய்தி எழுதி, முகாம்களின் சுவரில் ஒட்டினார்கள். ஆறு நாள் இப்படி நடந்தது. எங்கே மருத்துவர் இருக்கிறார், எங்கே உணவு கிடைக்கும், எந்த வதந்தியை நம்ப வேண்டாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. முகாம்களின் அமைதியில் அந்தக் காகிதங்களுக்கும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பொறுத்துக்கொள்வதை ஜப்பானிய மொழியில் 'கமன்' என்பார்கள். வெளிநாட்டுச் செய்திகள் அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்தன. ஆனால் யார் பொறுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். பல முகாம்களில் பெண்களுக்கு உடை மாற்றவோ, குழந்தைக்குப் பால் கொடுக்கவோ மறைவிடமே இல்லை. தடுப்பு அட்டைகள் வந்து சேர்ந்த பிறகும், நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே, எதற்குத் தடுப்பு என்று பொறுப்பில் இருந்த ஆண்கள் சிலர் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். பெண்கள் போர்வைக்குள் உடை மாற்றினார்கள். வாய் திறந்து கேட்டால் சுயநலம் என்று ஆகிவிடுமே என்ற பயத்தில் பேசாமல் இருந்ததும் அந்த அமைதியில் சேர்ந்ததுதான்.

திருட்டு நடக்கவே இல்லை என்பதும் சரியில்லை. காலியான வீடுகளிலும், சுனாமியில் அணுமின் நிலையம் சேதமடைந்து கதிரியக்கம் கசிந்ததால் மக்கள் வெளியேற்றப்பட்ட ஃபுக்குஷிமா பகுதியின் ஏடிஎம்களிலும் திருட்டுகள் நடந்தன. அதே சமயம், இடிபாடுகளில் கண்டெடுத்துக் காவல் துறையிடம் ஒப்படைக்கப்பட்ட பணப் பெட்டகங்கள் மட்டும் 5,700 வாக்கில். உள்ளே இருந்த கோடிக்கணக்கான யென்னில் பெரும்பகுதி உரியவர்களுக்குத் திரும்பிப் போனது. இரண்டும் நடந்தன, ஆனால் திருடியவர்களைவிடக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மிக அதிகம்.

தலைநகரில் வேறு மாதிரி. அன்று மாலை ரயில்கள் நின்றதால் டோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 51 லட்சம் பேர் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள் என்பது அரசின் கணக்கு. பலர் மணிக்கணக்கில் நடந்தார்கள், கடைக்காரர்கள் கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள், தள்ளுமுள்ளு இல்லை. அடுத்த வாரமே அதே நகரில் அரிசி, பேட்டரி, கழிப்பறைக் காகிதம் எல்லாம் கடைகளில் தீர்ந்துபோயின. மார்ச் 23-ல் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய்த் தண்ணீரில் கைக்குழந்தைகளுக்கான வரம்பைவிட இரு மடங்கு கதிரியக்க அயோடின் இருப்பதாக அறிவித்தார்கள். பாட்டில் தண்ணீர் சில மணி நேரத்தில் மாயமானது. பதறிப்போன அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் 'ஜிஷுக்கு', அதாவது தானாகவே அடக்கி வாசிப்பது. தொலைக்காட்சியில் விளம்பரங்கள் மறைந்து பொதுநல அறிவிப்புகளே திரும்பத் திரும்ப வந்தன. திருவிழாக்கள் ரத்தாயின. வசந்தகாலத்தில் செர்ரிப் பூக்களின் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதுகூட வேண்டாம் என்றார்கள். அதற்குப் பாதிக்கப்பட்ட இவாத்தேவிலிருந்தே மறுப்பு வந்தது. அங்குள்ள சாக்கே மது தயாரிப்பாளர்கள் இணையத்தில் காணொளி வெளியிட்டு, தயவுசெய்து பூ பாருங்கள், எங்கள் மதுவை வாங்கிக் குடியுங்கள், எங்கள் பிழைப்பு நடக்க அதுவே உதவி என்று கேட்டுக்கொண்டார்கள். துக்கம் காட்டுகிறேன் என்று மற்றவர்கள் செலவைச் சுருக்கியதில், துக்கப்பட்டவர்களின் வியாபாரமே படுத்துப்போனது.

இனி வதந்தி. இதைத் தொடாமல் இயல்பு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. பேரழிவுக்குப் பிறகு செந்தாய் நகரில், வெளிநாட்டவர்கள் கூட்டமாக வந்து திருடுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. பிற்பாடு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அங்கே எடுத்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைக் கேள்விப்பட்டதாகவும், கேட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்பியதாகவும் தெரிந்தது. மியாகி காவல் துறை முகாம்களில் துண்டறிக்கை கொடுத்து இது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதே ஜப்பானில் 1923 செப்டம்பர் 1-ல் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்த கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. தெருவில் தடியும் வாளும் ஏந்திய காவல் குழுக்கள் வழியில் போனவர்களை நிறுத்திச் சில ஜப்பானியச் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள்; உச்சரிப்புத் தப்பினால் கொன்றார்கள். கொல்லப்பட்ட கொரியர்கள் ஆயிரக்கணக்கில். அந்தக் கூட்டமும் ஜப்பானிய மக்கள்தான். அப்போது ஜப்பானில் வானொலி இன்னும் தொடங்கவில்லை. டோக்கியோவின் செய்தித்தாள் அலுவலகங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின. எல்லாவற்றையும்விட மோசம், உள்துறை அமைச்சகமே அந்த வதந்தியை உண்மை போலத் தந்தியில் அனுப்பியது. 2011-ல் அதே விஷம் ஊறத்தான் செய்தது; ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்கள் பொய் என்று சொன்னார்கள். எண்பத்தெட்டு வருடங்களில் ரத்தம் மாறிவிடாது. மேலே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் மாறியிருந்தது.

பெரியவர்கள் எல்லோரும் பொறுப்பாகப் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. டோக்கியோ ஆளுநர் ஷின்தாரோ இஷிஹாரா, மார்ச் 14-ல், மக்களின் சுயநலத்தைக் கழுவ வந்த தெய்வ தண்டனை இது என்ற பொருளில் பேசினார். கடும் கண்டனம் எழுந்தது, மறுநாளே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடுத்த மாதத் தேர்தலில் மறுபடி வென்றார். பேரரசர் அக்கிஹிட்டோ மார்ச் 16-ல் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியதும், பிறகு முகாம் முகாமாகப் போய்த் தரையில் மண்டியிட்டு முதியவர்களோடு பேசியதும் பலரின் மனதில் நின்றன. பிரதமர் நவோட்டோ கான் ஏப்ரலில் ஃபுக்குஷிமாவில் ஒரு முகாமுக்குப் போய்ச் சற்று நேரத்தில் கிளம்பப் பார்த்தபோது, "அதற்குள் கிளம்பிவிட்டீர்களா?" என்று அங்கிருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். அவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்.

ஃபுக்குஷிமாவில் கோபம் வெளிப்படையானது. கடலை யாரும் திட்ட முடியாது; அணுமின் நிலையத்துக்குப் பொறுப்பாளர் இருந்தார். அந்த நிலையத்தை நடத்திய டோக்கியோ மின்சார நிறுவனத்தின் தலைவர் முகாம்களில் தரையில் தலை வைத்து மன்னிப்புக் கேட்டபோது மக்கள் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார்கள். ஏப்ரலில் விவசாயிகள் பசு மாடுகளோடு டோக்கியோவுக்கு வந்து அந்த நிறுவனத்தின் வாசலில் நின்றார்கள். பள்ளி மைதானத்துக்கான கதிரியக்க வரம்பை அரசு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று உயர்வாக வைத்ததை எதிர்த்து, பிரதமரின் ஆலோசகராக இருந்த பேராசிரியர் ஒருவர் கண்ணீரோடு பதவி விலகினார். மே மாதம் பெற்றோர் கல்வி அமைச்சகத்தின் வாசலுக்கே போனார்கள். செப்டம்பர் 19-ல் டோக்கியோவில் நடந்த கூட்டத்துக்கு 60,000 பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒரு கூட்டம், இவர்கள் வேறு கூட்டம் என்று பிரிக்க முடியாது.

வெளியே உலகமும் அவரவர் பயத்துக்கும் பாசத்துக்கும் ஏற்ப நடந்துகொண்டது. சீனாவில் அயோடின் கலந்த உப்பு கதிரியக்கத்தைத் தடுக்கும் என்று நம்பிக் கடைகளில் உப்பைக் காலி செய்தார்கள். ஜெர்மனி 2022-க்குள் அணு உலைகளை மூடுவதென்று அதே ஆண்டு சட்டம் போட்டது. தைவான் மக்கள் 2,000 கோடி யென் அளவுக்கு நிதி தந்தார்கள். ஜப்பானிய அரசு பல நாட்டுப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் கொடுத்தபோது தைவான் விட்டுப்போனது. ஜப்பானியப் பொதுமக்களே இணையத்தில் பணம் சேர்த்துத் தைவான் நாளிதழ்களில் நன்றி சொன்னார்கள். அந்த வருடத்தின் எழுத்தாக ஜப்பானில் 'கிஸுனா', அதாவது பந்தம், தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தச் சொல் எங்கும் ஒலித்த பிறகும், ஃபுக்குஷிமாவிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் புதிய பள்ளிகளில் கிருமி என்று அழைத்துத் துன்புறுத்திய சம்பவங்கள் வெளிவந்தன.

துக்கம் தன் வழியைத் தேடிக்கொள்ள நாளானது. சேற்றில் கிடைத்த புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவிக் காய வைத்து, கூடங்களில் அடுக்கினார்கள். வீடே போனவர்கள் வந்து ஒரு கல்யாணப் படத்தை, ஒரு பிறந்தநாள் படத்தைத் தேடி எடுத்துப் போனார்கள். ஒட்சுச்சி என்ற ஊரில் மலைமேல் ஒருவர் தன் தோட்டத்தில் எந்த இணைப்பும் இல்லாத தொலைபேசி ஒன்றை வெள்ளைக் கூண்டுக்குள் வைத்திருந்தார். இறந்த தன் உறவினரோடு பேசுவதற்காக முந்தைய வருடமே வைத்தது. சுனாமிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டார். பல்லாயிரம் பேர் வந்து அந்த ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறார்கள். முகாமில் அழாதவர்கள் அங்கே அழுதார்கள்.

கடைசியாக ஒன்று. பதற்றம் உண்டாக்கக் கூடாது என்பதற்காக அறிவிப்பாளர்கள் நிதானமான குரலில் பேசுவதுதான் ஜப்பானியத் தொலைக்காட்சியின் வழக்கமாக இருந்தது. 2011-க்குப் பிறகு அதை மாற்றினார்கள். மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கு சொல்லாமல், பிரம்மாண்டமான அலை என்றே சொல்வது என்று 2013-ல் முறையையும் மாற்றினார்கள். 2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை, நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் ஆடியபோது, பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் பெண் அறிவிப்பாளர் ஏறக்குறைய அலறினார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இப்போதே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள் என்று விடாமல் சொன்னார். 2011-ஐ நினைத்துப் பாருங்கள் என்றார். அந்த மைதானத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளுக்கு யாரும் தராத குரல் அது.